பூஜ்யத்தின் அடியில்

அலுவலகத்தில் அவளுக்கு முட்டைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முப்பது மெத்தை கேட்ட ஆஸ்பத்திரிக்கு முந்நூறு என்று ஆர்டர் போட்டுவிட்டாள். கூடுதலாக விழுந்த அந்த ஒரு முட்டைதான் காரணம். திரும்பி வந்த மெத்தைகள் இன்னமும் நடைவழியில் சுவரோரம் நின்றன. கழிப்பறைக்குப் போகிறவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து, போகிற போக்கில் அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு இருபது குப்பைத்தொட்டி இருநூறானது. கவனக்குறைவு என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. அவளை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்று மதியம் வீடியோவில் பேசி முடிவெடுக்கப் போகிறார்கள். வீட்டுக்காரர் இடுப்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறார். வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

தான் ஒரு தடவைதான் தட்டினோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எண்ணைத் தட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்து, என்டருக்குக் கை போகிற இடைவெளியில் இன்னொரு பூஜ்யம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைச் சொன்னபோது மானேஜர் தன் அடர்ந்த கறுப்பு மீசையை நீவிக்கொண்டே, லேப்டாப்புக்கு மந்திரிக்கத்தான் ஆள் கூப்பிட வேண்டும் என்று நாலு பேர் முன்னால் கேலி செய்தார். கீபோர்டு மேல் வைத்துத் தின்றால் அப்படித்தான் ஆகும் என்று ஒரு புத்திமதி வேறு.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் அவள் ஆரம்பித்தாள். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். செட்டிங்ஸைக் குடைந்து பார்த்தாள். கேஷியரிடம் இரவல் வாங்கிய தனி கீபோர்டைச் செருகித் தட்டினாள். பூஜ்யம் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. ஆக, நோய் லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில். வலதுபக்க மேல்வரிசை முழுக்கப் பிசுபிசுப்பாக இருந்தது. பூஜ்யத்தை அழுத்தினால், காலையில் எழ மனமில்லாத பிள்ளை மாதிரி மெல்ல மெல்ல எழுந்தது.

லேப்டாப்பை அணைத்து ஒயரைப் பிடுங்கி, திறந்தபடியே ஒரு வெள்ளைத்தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினாள். கறுப்பாக என்னமோ உதிர்ந்தது. எறும்புக் கால் என்று நினைத்தாள். ஹேர்பின்னைக் கொடுத்துப் பூஜ்யத்தை நெம்பியபோது மூடி துள்ளிக்கொண்டு வந்தது. அடியில் எண்ணெயும் அழுக்கும் குழைந்த பசை. பசை முழுக்கக் குத்திட்டு நிற்கிற குட்டிக்குட்டி மயிர்கள். வாசனை எண்ணெயும் வேர்வையும் கலந்து ஒரு நெடி. ஈரத்துணியால் ஒற்றினாள். மயிரிலிருந்து கறுப்புச் சாயம் இறங்கி, உள்ளேயிருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது.

அவள் விரல்களைத் துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஆறு மாதமாக இந்த மயிர்க்காட்டின் மேல் விரலை ஓட்டிவிட்டு, அதே விரலால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றிருக்கிறாள். சாயம் பூசிய இந்தக் குட்டை மயிர் மீசைமயிர்தான்; அந்த மீசை யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலமானால் லேப்டாப்புகள் எல்லாம் மானேஜர் அறையில் பூட்டி வைக்கப்படும். அவளுடையதில்தான் கேமரா தெளிவு என்று, தலைமை அலுவலகத்தோடு பேசும் காலைக் கூட்டத்துக்கு அதையே அவர் எடுத்துக்கொள்வார். கூட்டம் முடிந்ததும் அவரே கொண்டுவந்து, பத்திரமாக வைத்துக்கொள் என்று கொடுப்பார். அதையும் அவள் மரியாதை என்று நினைத்திருந்தாள்.

மதியக் கூட்டமும் மானேஜர் அறையில், அதே லேப்டாப்பில்தான் நடந்தது. திரையில் ஆறேழு முகங்கள். நடுவில் ஜெனரல் மேனேஜர் அம்மாள். மானேஜர் மெத்தையிலிருந்து ஆரம்பித்துக் குப்பைத்தொட்டி வரைக்கும் ஒப்பித்தார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, அவள் பசையும் மயிரும் அப்பியிருந்த தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

"பூஜ்யத்துக்கு அடியில இது இருந்துச்சு மேடம். அதான் கீ மாட்டிக்குது."

"உன் தலைமுடி உதிர்ந்திருக்கும்மா. அதை இங்க கொண்டாந்து காட்டணுமா?" என்றார் மானேஜர்.

"என் முடி இடுப்பு வரைக்கும் இருக்கு சார். இது நகத்தளவுகூட இல்ல. தொடச்சா சாயம் போவுது."

மானேஜரின் கை தானாக மீசைக்குப் போனது. திரையில் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு கட்டமாகப் பரவியது. ஜெனரல் மேனேஜர் அம்மாளும் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுச் சொன்னார்.

"எங்களுக்குத் தெரியும்மா அது. மீட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சார் உள்ள வந்துடுவார். நாங்க பாக்குறது தெரியாம, திரையையே கண்ணாடியா வச்சுக்கிட்டு, கத்தரிய எடுத்து மீசைய வெட்டுவார். எல்லாம் உன் கீபோர்டுலதான் கொட்டும். தினமும் பாக்குறதுதான். எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டோம்."

பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, தவறு அவளுடையது இல்லை, வேலை நிரந்தரம், புது லேப்டாப் வந்துவிடும் என்று மளமளவென்று சொன்னார். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் பூஜ்யத்தின் அடியில் பார்த்ததைவிடப் பெரிய அருவருப்பு இப்போதுதான் அவளுக்கு வந்தது. இந்த மயிர் விழுவதைத் தினமும் காலையில் பார்த்து ரசித்த முகங்கள் இவை. பொழுதுபோக்குக்குப் பார்த்தார்கள், இவள் வேலை போகவிருந்தபோது ஒரு வாய் திறக்கவில்லை.

"எனக்கு வந்த மெமோவுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே மேடம்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கட்டம் கட்டமாகச் சிரிப்பு அணைந்தது. யாரோ கேமராவை நிறுத்திக்கொண்டார்கள். ஜெனரல் மேனேஜர் அம்மாள் மேஜையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அவள் தாளை மடித்து மானேஜர் முன்னால் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். நடைவழியில் மெத்தைகள் அப்படியே நின்றன. வேலை நிரந்தரமானவளும் அந்த இடத்தில் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டியிருந்தது.