கொள்ளிக்குடம்

தான் போனால் மகள் சிவாஜினிதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். நானும் ஓம் என்றிருந்தேன். அப்பாவுக்கு வைத்தவள் நான்தானே.

அது தொண்ணூறாம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு கேற்றைக்கூட நான் திறந்ததில்லை, அதற்கும் ஓர் ஆள் இருந்தார். பியானோ வகுப்புக்குக் காரில் போய்க் காரில் வருவேன். சண்டை தொடங்கியதும் வேலையாட்கள் ஓடிவிட்டார்கள். தம்பி சஞ்சீவனை முன்பே லண்டனுக்கு அனுப்பியாயிற்று. ஊரடங்கில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது, அதோடு போய்விட்டார். அடுத்த வீட்டில் குணரத்தினம் மாமா, அம்மாவின் தம்பி, யன்னலைக்கூடத் திறக்கவில்லை. நானும், ஓடாமல் நின்ற சமையல்காரப் புஷ்பவதியும் அப்பாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சுடலைக்குக் கொண்டுபோனோம். பிறகு அப்பாவின் கப்பல் ஏஜென்சியையும் நான்தான் பார்த்தேன். கலியாணம் பற்றிக் கதைக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை, எனக்கும்தான்.

இன்றைக்கு அம்மாவின் செத்தவீடு. வீடு நிறைய ஆண்கள். லண்டனிலிருந்து வந்த சஞ்சீவன் வேட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான். நான் குடத்தை எடுக்கப் போனேன். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"பிள்ளை, பொம்பிளையள் கேற்றோட நிக்கிறதுதானே வழக்கம். தாய்க்குக் கடைசிப் பெடியன்தான் கொள்ளி வைக்கிறது. இப்ப ஆம்பிளையள் இருக்கிறம்."

"அண்டைக்கும் நீங்கள் இருந்தனீங்கள்தானே, மாமா."

அவர் குடத்தை எடுத்துத் தம்பியின் தோளில் வைத்தார். தம்பி என்னைப் பார்க்கவில்லை. கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. பறை தூரத்தில் போனதும் பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். நானும் விளக்குமாற்றை எடுத்தேன்.

போன் அடித்தது. சஞ்சீவன்.

"அக்கா, இஞ்ச சுடலையில நிக்கிறம். ஆளுக்கொரு கதை சொல்லினம். எந்தப் பக்கம் வைக்கிறது?"

"தலைமாட்டில. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு வை. வைச்சிட்டு நேரே நடந்து வா. திரும்பிப் பாராத."

"ஏன் பாக்கக் கூடாது?"

"பாராத எண்டு சொன்னா பாராத."

போனை வைத்தேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை. அப்பா எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.