ஹார்லன் சேர்த்த பாயிண்ட்டுகள்

எங்கள் சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் நிற்கிறவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் கேள்வி, "கார்டு இருக்கா?" என்பது. பத்தொன்பது வருடமாகக் கேட்கிறேன். தூக்கத்திலும் கேட்கிறேன் என்று என் தங்கை ரோண்டா கேலி செய்வாள். கார்டு என்றால் நீலக் கார்டு. மளிகை வாங்க வாங்கப் பாயிண்ட் ஏறும், போதுமான அளவு சேர்ந்தால் விமானத்தில் பறக்கலாம். கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தென்கோடியில் சிங்கி இறாலும் மூடுபனியும்தான் எங்களுக்கு விதித்தவை. பிள்ளைகளெல்லாம் வேலை தேடி நாட்டின் மறுபக்கம், ஆல்பர்ட்டாவுக்கு, எட்மன்டன் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைப் பார்க்கப் போக வேண்டுமானால் பாதிப் பேருக்கு அந்த நீலக் கார்டுதான் வழி.

கார்டு இல்லை என்று யாராவது சுற்றுலாக்காரர் சொன்னால், சாவிக்கொத்தில் தொங்கும் என் கார்டைக் காட்டி அந்தப் பாயிண்ட்டை நான் எடுத்துக்கொள்வேன். அப்படிச் செய்யக் கூடாது என்று கல்லாவுக்கு மேலேயே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அந்தக் காகிதத்தின் கீழே நின்றுகொண்டே எல்லோரும் செய்தோம். அதற்கெல்லாம் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் ஹார்லன் கோரம் விஷயத்தில்தான்.

ஹார்லன் ஒரு சிங்கி இறால் படகில் சமையல்காரர். சீசன் நவம்பர் கடைசியிலிருந்து மே முடிய. அந்த ஆறு மாதமும் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு தள்ளுவண்டி நிறையப் படகுக்கு மளிகை வாங்குவார். பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், பத்துப் பன்னிரண்டு ரொட்டி, ஐந்து ஆள் குடிக்கும் காப்பி. காசு கேப்டனுடையது. ஆனால் பாயிண்ட், வண்டியைத் தள்ளுகிறவனுக்கு. எங்கள் துறைமுகத்தில் இது எழுதாத சட்டம். எந்தக் கேப்டனும் அதில் வாய் வைக்க மாட்டான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், குடியை விட்ட குளிர்காலத்தில், ஹார்லன் நீலக் கார்டுக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து என்னிடம் கொண்டுவந்தார். எழுத்து ஒவ்வொன்றும் கட்டம் தாண்டாமல் இருந்தது.

"ஒரு சாயங்காலம் பூரா எழுதினேன் கிளெண்டா. நீயே பார்த்து அனுப்பிடு. எனக்கு இந்த ஆபீஸ் காரியமெல்லாம் வராது," என்றார்.

ஏப்ரன் பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏப்ரனைத் துவைத்தேன். இயந்திரத்திலிருந்து எடுத்தபோது பையில் ஒரு ஈரக் காகித உருண்டை இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் வந்ததும் "அனுப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். "மன்னிச்சிடுங்க, இன்னொண்ணு எழுதிக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு சாயங்காலம் பூரா எழுதினேன் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. "அனுப்பிட்டேனே" என்று சொல்லிவிட்டேன்.

"கார்டு?"

"கார்டெல்லாம் வேணாம். உங்க பேர்ல கம்ப்யூட்டர்ல இருக்கு. நானே ஏத்திடுறேன்."

ஏதாவது சத்தம் கேட்க வேண்டுமே. என் கார்டைக் காட்டினேன். டிங் என்றது.

"அதுதான் என்னோட சத்தமா?" என்று கேட்டு, பல் தெரியச் சிரித்தார்.

அடுத்த வாரம் ஒரு புது விண்ணப்பம் எடுத்து நானே நிரப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் நினைத்தேன். அப்புறம் நினைப்பதும் நின்றுபோனது. என் கணக்கில் பாயிண்ட் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஆறு சீசன் வெள்ளிக்கிழமைகள். வேறு கல்லா காலியாக இருந்தாலும் என் வரிசையில்தான் நிற்பார். "என் பாயிண்ட் கிளெண்டா கையில் இருக்கு" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அது எவ்வளவு உண்மை என்று எனக்குத்தான் தெரியும்.

போன மார்ச்சில் அந்தப் பாயிண்ட்டையெல்லாம் துடைத்தெடுத்து, நானும் ரோண்டாவும் லாஸ் வேகஸ் போய் வந்தோம். ஐந்து நாள். இனிப்பாக ஏதேதோ குடித்தோம், சூதாட்ட இயந்திரத்தோடு சண்டை போட்டோம். கடைசி நாள் விமான நிலையத்தில் எனக்கு உறுத்தியது. பகடைக்காய் தைத்த ஒரு சிவப்புத் தொப்பி வாங்கினேன். என் உறுத்தலுக்கு நான் போட்ட விலை பன்னிரண்டு டாலர்.

தொப்பியைக் கொடுத்தபோது ஹார்லன் உச்சி குளிர்ந்துபோனார். "அவ்ளோ தூரம் போயும் என்னை ஞாபகம் வெச்சிருந்தியா?" என்றார். அன்றிலிருந்து அது அவர் தலையை விட்டு இறங்கவில்லை. சீசன் முடிவதற்குள் உப்புக்காற்றில் சிவப்பு வெளுத்துவிட்டது.

ஜூனில் கடை வாசலில் மஞ்சள் பலகை வைத்தார்கள். ஆகஸ்ட் முதல் நீலக் கார்டு கிடையாது, விமானப் பாயிண்ட் கிடையாது. இனி மஞ்சள் கார்டு, அதில் சேர்வதை மளிகையில் கழித்துக்கொள்ளலாம். பழைய பாயிண்ட்டை வருடக் கடைசிக்குள் பறந்து தீர்க்க வேண்டும். ஊரே கொதித்தது. எங்கள் மேற்பார்வையாளர் ஆர்டித் வாங்கிய வசவுக்கு அளவில்லை.

"ஒன்பது வருஷமா சேர்த்தேன். இப்போ தக்காளிக்குத் தள்ளுபடியாம். தக்காளி மேல ஏறி எட்மன்டன் போக முடியுமாடீ?" என்று ஒரு அம்மாள் கத்தினாள்.

"நானா கம்பெனி நடத்துறேன்? எனக்கும்தான் போச்சு. முட்டையைப் பார்த்து அடுக்குங்க, கோபத்துல உடைச்சிடாதீங்க," என்றாள் ஆர்டித்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது சிவப்புத் தொப்பி உள்ளே வருவதைப் பார்த்தேன். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஹார்லன் முகச்சவரம் செய்திருந்தார். சீசன் இல்லாத மாதம், வண்டியில் ஒரே ஒரு பால் டப்பா. என் கல்லாவுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"ஷானா எழுதியிருக்கா."

ஷானா அவர் மகள். பதினாறு வயதில் தாயோடு எட்மன்டன் போனவள். அவள் உணவகத்தில் பரிமாறிச் சேர்த்து வைத்திருந்த காசையெல்லாம் ஹார்லன் எடுத்துக் குடித்துத் தீர்த்த வாரம் அது. பதினோரு வருடமாக அவள் இவரோடு பேசவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிச்சு முடிச்சிட்டாளாம். ஆகஸ்ட் கடைசில பட்டம் குடுக்கறாங்களாம். என்னைய வரச் சொல்லியிருக்கா. இதைப் படி."

கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினார். வந்தால் வாங்க, ஆனால் யாருடைய காசிலும் வராதீங்க, என்று இருந்தது.

"யார் காசும் வேணாமே! அதான் ஆறு வருஷமா சேர்த்து வெச்சிருக்கோமே நாம!" என்றார்.

நாம் என்றார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள், அதில் ஒருத்தி என் மச்சினி. எனக்கு என் முகம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"தாராளமா இருக்கு ஹார்லன். தேதி மட்டும் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

அவர் தேதி சொன்ன அன்றே வீட்டுக்குப் போய், என் சேமிப்பிலிருந்து எங்கள் மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸிலிருந்து எட்மன்டன் போகவர டிக்கெட் எடுத்தேன். விலை இருந்த பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். அதோடு கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தது. நிம்மதி மட்டுமா, கொஞ்சம் நல்லவள் மாதிரிகூட இருந்தது. இப்போது நினைத்தால் அதற்குத்தான் அதிகம் கூசுகிறது.

செப்டம்பர் இரண்டாம் வெள்ளி அவர் வந்தார். அதே தொப்பி, கையில் அதே மாதிரி ஒரு பால் டப்பா. ஆனால் ஆள் பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். என் கல்லாவில்தான் நின்றார், முன்னால் இருந்தவர் போகும்வரை பொறுக்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

"போனியா? எப்படி இருந்துச்சுப்பா?" என்று இரண்டாம் கல்லாவிலிருந்து ஆர்டித் கேட்டாள்.

"யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நிக்கிறா ஆர்டித்! எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவளே தூக்கிட்டுப் போவாளாம்." என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "விமான நிலையத்துலயே ஷானா கேட்டுட்டா, கிளெண்டா. யார்கிட்ட காசு வாங்கிட்டு வந்தீங்கன்னா. யார்கிட்டயும் இல்லம்மா, நான் சேர்த்த பாயிண்ட்டுன்னேன். சத்தியம் பண்ணுங்கன்னா. பண்ணினேன். நம்பிட்டா. அவ என்னை நம்பி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

சாமான்களை என் பக்கம் நகர்த்திவரும் பட்டையின் மேல் அவர் வைத்த பால் டப்பாவையே பார்த்தேன்.

"உனக்கு," என்று ஒரு சாவி வளையத்தை வைத்தார். எட்மன்டன் என்று எழுதிய சின்ன விமானம் அதில் தொங்கியது. "உன் பாயிண்ட்ல போனப்போ நீ எனக்கு வாங்கிட்டு வந்தே. என் பாயிண்ட்ல போனேன், உனக்கு வாங்கிட்டு வந்தேன்."

பிறகு மடித்த ஒரு தாளைப் பிரித்துக் கொடுத்தார். மஞ்சள் கார்டு விண்ணப்பம். பெயர், தெரு, அஞ்சல் எண், எல்லாம் கட்டம் தாண்டாத எழுத்து.

"ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு," என்று சிரித்தார். "போன தடவை மாதிரியே நீயே பார்த்துக்கோ."

என் கை நீளவில்லை. வாங்கிக்கொள்ளலாம், இந்த முறை ஒழுங்காக அனுப்பலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் கை நீளவில்லை.

"போன தடவை நான் அனுப்பல ஹார்லன்," என்றேன்.

"என்னது?"

"ஏப்ரனோட துவைச்சிட்டேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு. நீங்க கேட்ட அந்த டிங் சத்தம் என் கார்டு. எல்லாம் என் பேர்ல ஏறிச்சு. அதுலதான் நான் வேகஸ் போனேன். உங்க டிக்கெட்டு..."

"என் டிக்கெட்டு?"

"நான் வாங்கினேன். என் காசுல."

வரிசையில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஆர்டித்தின் கையில் ஒரு முட்டைக்கோஸ் இருந்தது, அதை அவள் கீழே வைக்கவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். ஹார்லனின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. வெட்கத்தில் சிவக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தப்பு செய்தவள் நான், கூனிக் குறுகி நின்றவர் அவர்.

"அப்போ உன் காசுலதான் போயிருக்கேன்," என்றார்.

"இல்ல ஹார்லன், உங்களோடதுதானே, நான் எடுத்ததைத் திருப்பிக் குடுத்தேன், அவ்வளவுதான்..."

"ஜூன் மாசமே சொல்லியிருந்தா ரயில்ல போயிருப்பேன். அஞ்சு நாளானாலும் உட்கார்ந்துட்டுப் போயிருப்பேன். என் சம்பளத்துல." அவர் குரல் உயரவே இல்லை. "அவகிட்ட சத்தியம் பண்ணேன் கிளெண்டா."

"அவளுக்குத் தெரியவே வேணாம். யாரும் சொல்லப் போறதில்ல. நான்..."

அதைச் சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆறு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட அதே பேச்சை அவருக்கும் புகட்டப் பார்த்திருக்கிறேன்.

அவர் விண்ணப்பத்தை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாவி வளையத்தைத் தொடவில்லை. "அது நான் வாங்கினது. வெச்சுக்கோ," என்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் வெயில் படாத வெள்ளைக் கோடு தெரிந்தது. தொப்பியை அவர் பால் டப்பாவுக்குப் பக்கத்தில், பட்டையின் மேல் வைத்தார்.

"நான் இப்போ வீட்டுக்குப் போய் ஷானாவுக்குப் போன் பண்ணணும்."

"இன்னிக்கேவா? கொஞ்ச நாள் கழிச்சு, அவ மனசு..."

"இன்னிக்கேதான்," என்றார் ஹார்லன். "ஆறு வருஷம் தள்ளிப் போட எனக்கு வராது."

பாலை வாங்காமல் போய்விட்டார். கதவு திறந்து மூடியது. கண்ணாடிக்கு அப்பால் தன் பழைய டிரக்கில் ஏறி, கிளப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போயிருக்கலாம். ஓடிப்போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த ஆள் தன் சாமான்களை அடுக்க ஆரம்பித்தார். பட்டை தானாக நகர்ந்தது. பால் டப்பாவும் அந்த வெளுத்த தொப்பியும் மெதுவாக என்னை நோக்கி வந்து, என் கைக்கு முன்னால் நின்றன. அடுத்த ஆள் என் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கார்டு இருக்கா?" என்று கேட்டேன்.