கைமாறிய குடங்கள்

சக்கரபாணி மாமா அண்டாவைச் சாய்த்துப் பார்த்தார். அரைக் குடம்கூடத் தேறாது. அறுபத்தைந்தாம் வருஷத்துச் சித்திரை. திண்டிவனத்துத் தெருக்கிணறுகள் அடி வெடித்துக் கிடந்தன.

"இத வெச்சிக்கினு மச்சானை எப்பிடிக் குளிப்பாட்டறது?"

ராஜாமணி அப்பாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பட்டணத்தில் ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் தீயணைத்த லீடிங் ஃபயர்மேன் விருத்தாசலம், விடிகாலையில் நெஞ்சுவலியில் போய்விட்டார். கடைசி மரியாதைக்கு வந்த தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. டிரைவர் சவுரிராயன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"டேங்க் நெறைய தண்ணி இருக்குதும்மா. அண்ணனுக்கு இல்லாத தண்ணியா?"

"ஜல்தியா தொறந்து வுடுப்பா," என்று மாமா குடத்தை எடுத்தார்.

"வேணாம் மாமா."

அவள் கல்யாணப் பந்தியில் தண்ணீர் தீர்ந்தபோது இதே வண்டி இதே வாசலில்தான் நின்றது. அப்பா ஒரு சொம்புகூடத் தரவில்லை. 'எவன் கூரையோ எரியறப்ப ஒரு கொடம் கொறஞ்சா?' என்று கேட்டார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"எங் கல்யாணத்துக்கே குடுக்காத மனுசன். வாய் தொறந்து வேணாம்னு சொல்ல முடியாதப்ப எடுக்கறதா?"

"அப்ப குளிப்பாட்டாமயே அனுப்பப் போறியா?"

தண்ணீருள்ள ஒரே கிணறு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். போய்ச் சுமந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

வாசலில் இருந்த பச்சைமுத்து துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறவன். போன கோடையில் அவன் தெரு பற்றிக்கொண்டு, வண்டித் தண்ணீரும் தீர்ந்தபோது, விருத்தாசலம் சனங்களை அந்தக் கிணறுவரை வரிசையாக நிறுத்திக் குடங்களைக் கைமாற்ற வைத்தார். அவர் 'போதும்' என்று கத்துகிறவரை ஒரு கையும் ஓயவில்லை.

"செத்த இரு தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பறைச் சத்தம் நின்றது. ராஜாமணி எட்டிப் பார்த்தாள். தெருமுனை தாண்டி, தண்டவாளமும் தாண்டி ஆட்கள் நின்றார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. கைக்குக் கை எட்டுகிற தூரம், அப்பா நிறுத்திய அதே கணக்கு. மண்டி ஆட்கள், சைக்கிள் கடை அமீருதீன் பாய், ஒரு பிள்ளைத்தாய்ச்சி. பறையை இறக்கிவைத்துவிட்டு வந்தவர்களும் நின்றார்கள். சவுரிராயன் தொப்பியைக் கழற்றிவிட்டு நடுவில் புகுந்துகொண்டார். யார் கைக் குடம் என்று கேட்க வாயெடுத்த மாமா, கேட்காமலே வாங்கினார்.

வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனுஷனுக்கா இத்தனை பேர்! ராஜாமணி எழுந்து போய் வரிசையின் வாசல் முனையில் நின்றாள்.

அப்பாவைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டித் திருநீறும் பூசியாயிற்று. அண்டா நிரம்பியது. தவலையும் அடுப்படிப் பானைகளும் நிரம்பின. குடங்கள் வந்துகொண்டே இருந்தன.

"போதும்னு சொல்லும்மா," என்றார் மாமா மெதுவாக.

ராஜாமணி வாயைத் திறந்தாள். அது அப்பா சொல்கிற வார்த்தை. பச்சைமுத்து நீட்டிய அடுத்த குடத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.