அரை அளவு

திங்கட்கிழமை காலை நர்ஸம்மா வலி மருந்து பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கே வந்து அண்ணியைப் பார்க்கிறவர் அவர். கருப்பையில் தொடங்கிய புற்று முதுகெலும்பு வரை போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, செய்ய இன்னும் நிறைய இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்த ஒரே ஆள்.

"வெள்ளிக்கிழமை குடுத்த பாட்டில். இந்நேரம் அடியில கொஞ்சம்தான் இருக்கணும். பாதிக்கு மேல இருக்கே?"

அண்ணி எனக்கு வைத்த பெயர் ரேடியோ. நாள் பூராவும் ஓடுகிற அந்த ரேடியோ அன்றைக்கு, கலையாத தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து மில்லி கொடுக்க வேண்டும். முதல் தடவை முழு அளவு கொடுத்தபோது அண்ணி மதியம் பூராவும் தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அது கடைசியில் கொடுக்கிற மருந்து என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த வேளையிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டரைதான் இழுத்தேன். விழித்திருந்தாள், பேசினாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்குப் போதுமா என்று யோசிக்கவில்லை.

பதினாறு வருடம் முன்பு புருஷன் வீட்டிலிருந்து ஒரே பையோடு வந்து நின்றேன். அண்ணன் விசாரணைக் கமிஷன் வைத்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்த அண்ணி, பீரோவில் இரண்டு தட்டில் இருந்த தன் துணிகளை ஒரே தட்டில் திணித்துவிட்டு, "இது உன்னோடது" என்றாள். இன்றுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. நாத்தனார் சண்டை என்று ஊரில் ஆயிரம் கதை இருக்கும். எங்கள் வீட்டில் நானும் அண்ணியும் ஒரு கட்சி, பாவம் அண்ணன் தனிக்கட்சி.

நர்ஸம்மா திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அண்ணியின் கையை எடுத்து வைத்துக்கொண்டார். "பத்துக்கு எவ்வளவும்மா வலி?"

"மூணு."

"வாய் மூணுங்குது. போர்வையை இந்தப் பிடி பிடிச்சிருந்தீங்களே?"

அண்ணி கண்ணை மூடித் திறந்தாள். "ஒம்போது. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷம் வேன் ஓட்டுனவடி. அரை டேங்குக்கும் முழு டேங்குக்கும் வித்தியாசம் தெரியாதா?" சிரிக்கப் பார்த்தாள், வலி விடவில்லை. "நான் தூங்கிட்டா நீ யார்கிட்ட பேசுவ?"

மூன்று நாள். என் பேச்சுத் துணைக்காக மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். நான் அழுது முடிக்கும் வரை நர்ஸம்மா காத்திருந்தார்.

"பயத்துல நிறையப் பேர் செய்றதுதான். இது ஆளைக் கொல்ற மருந்து இல்ல, வலிக்குக் கேக்குற மருந்து. ரெண்டு நாள் நல்லாத் தூங்குவாங்க. வலியில விட்ட தூக்கம் அது. அப்புறம் பெரும்பாலும் முழிச்சுப் பேசுவாங்க."

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும்தான்மா." சிரிஞ்சை என்னிடமே நீட்டினார்.

ஐந்து வரைக்கும் இழுத்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போது? "அண்ணி, நீங்க மட்டும் இல்லேன்னா நான்..."

"தெரியும். குடு."

கொடுத்தேன். இந்தப் பெண்ணுக்கு நாத்தனாராக வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றது நர்ஸம்மா; அவருக்குச் சொன்னேன். எந்த நேரமானாலும் போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அண்ணன் கதவோரம் வந்து நின்றான். "எவ்வளவு நேரம் தூங்குவா?"

"தூங்கட்டும்ணா."

வாரக்கணக்காக வலியில் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு படுத்திருந்தவள். இப்போது கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டன. பாதங்கள் போர்வையைத் தாண்டி, கட்டிலின் விளிம்பையும் தாண்டி வெளியே வந்தன. அண்ணி இத்தனை உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இன்னொரு போர்வையைக் கொண்டுவந்தேன். அதற்குள் அண்ணன் உள்ளே வந்து, அந்தப் பாதங்களை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.