கிளுவை வேலிக்குள் ஒன்று

காவல்காரர் மாசாணத்தை மெட்டடோர் வேனில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் தம்பிதுரை மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவந்து வேலியோரம் வைத்தார். வேலியைக் கொளுத்தத்தான் என்று பத்மாவதிக்குத் தெரிந்தது.

மதுக்கரைக்கு இந்தப் பக்கம் சோளக்காட்டைப் பிரித்து வீட்டு சைட் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. காட்டுக்காரர்கள் வைத்த கிளுவை முள்வேலி மட்டும் தெற்கு எல்லையில், இலையெல்லாம் சிமென்ட் ஆலைத் தூசியோடு, ஆளுயரத்துக்கு நின்றது. அதைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டலாம் என்று போன வருஷம் பேச்சு வந்தபோது மறித்தவள் பத்மாவதிதான். கவுதாரி முட்டையிடுகிறது, கீரி குட்டி போடுகிறது, அதுகள் எங்கே போகும் என்று கேட்டாள். தபாலாபீஸ் கவுன்ட்டரில் பழகிய வாய். சங்கம் விட்டுக்கொடுத்தது.

இன்று விடிந்ததும் தண்ணீர் வால்வைத் திருப்பப் போன மாசாணத்தைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது.

"ஏனுங்க்கா, கீரி இருந்தா பாம்பு அண்டாதுன்னீங்களே?" என்றான் எதிர்வீட்டுக் கிருபாசங்கர், கையில் கடப்பாரையோடு. "இன்னிக்குக் கீரிக்கு லீவுங்களா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தம்பிதுரை சிரிக்கவில்லை.

"வால்வுக்குப் பக்கத்துல இருக்கறது உன்ற செங்கக் குமி தம்பி, வேலியில்ல," என்றாள் பத்மாவதி. "ஊடு கட்டி மிஞ்சுனத எடு எடுன்னு எத்தன தடவ சொன்னேன்? எலி பூரா அதுலதான் குடியிருக்குது. மொதல்ல அதப் பிரி."

"அட, பிரிச்சுத்தான் பாரு கண்ணு," என்றார் தம்பிதுரை.

கிருபாசங்கர் முணுமுணுத்துக்கொண்டே செருப்பு வழுக்குமென்று அதை வேலியடியில் கழற்றிவிட்டுச் செங்கல் குவியல்மேல் ஏறினான். பாதி பிரிவதற்குள் எலிகள் தெறித்து ஓடின. அடிவரிசையில் பாம்புச் சட்டை கிடந்தது. தம்பிதுரை அதைக் குச்சியால் தூக்கிப் பிடித்தார்.

"அம்மணி சொன்னது செரிதான். இங்கதான் இருந்திருக்குது. வேலிய உடுங்கப்பா." டின்னை எடுத்துக்கொண்டார்.

பத்மாவதி மூச்சு விட்டாள். அப்போதுதான் கீழே பார்த்தாள்.

வேலியின் தூருக்குள், சருகோடு சருகாய், சங்கிலிச் சங்கிலியாய்ப் புள்ளி போட்ட உடம்பு மணிக்கட்டுத் தடிமனில் சுருண்டிருந்தது. அசையவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை.

சொன்னால் வேலி போயிற்று. எல்லோரும் கலைந்த பிறகு மெதுவாக விரட்டிவிடலாம் என்று நினைத்தாள். ஆட்கள் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கிருபாசங்கர் குவியலிலிருந்து குதித்து, செருப்பை நோக்கி வெறுங்காலோடு வந்தான். அவளைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தான்.

"கோவிச்சுக்காதீங்க்கா, சும்மா தமாசுக்கு…"

"நில்லு! கால வெக்காத! அடியில இருக்குது!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. குக்கர் சீறுவது போலச் சீற்றம் கேட்டது. அவன் பின்னால் விழுந்தான். கடப்பாரையை எடுத்து அடித்தவர் தம்பிதுரை. நாலைந்து அடிக்குப் பிறகும் வால் நெளிந்துகொண்டிருந்தது.

"நீங்க எப்பப் பாத்தீங்க?" என்றார் அவர்.

"சட்டைய எடுத்தீங்களே, அப்பவே."

"பாத்துப்போட்டு நின்னிருக்கீங்க."

கிருபாசங்கர் மண்ணில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தான். இப்போது அக்கா என்று கூப்பிடவில்லை. "நான் செத்திருப்பேன்," என்றான்.

"என்ற தப்புத்தான். வேலிய எடுத்துருங்க," என்றாள் பத்மாவதி. "மதிலே கட்டுங்க. அடியில மட்டும் அங்கங்க ஒரு சாண் சந்து உடுங்க. கீரியும் கவுதாரியும் போய்வர."

"பாம்புக்கு வாசலுங்களா?" என்றது ஒரு குரல்.

தம்பிதுரை கடப்பாரையைத் துடைத்தார். "சங்கத்துல கேட்டுத்தான் செய்யோணும். எல்லாரும் இங்கயே இருக்கறீங்க. சந்து உடலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க."

பத்மாவதி தூக்கினாள். கூட்டத்தில் வேறு கை எதுவும் எழவில்லை. அவர் எண்ணக்கூட இல்லை. மதில் கட்ட மேஸ்திரியை நாளைக்கே வரச் சொல்லும்படி ஆளனுப்பினார்.