வளைந்த இறகு

அக்கா போன பிறகு அவளுடைய வெள்ளைக் கோழி தங்கையின் பொறுப்புக்கு வந்தது. இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். பிடுங்கிய இறகு மறுபடி எப்படி முளைக்கிறது என்பதே அவர்களுடைய ஆராய்ச்சி.

தோலில் இறகு ஊன்றியிருக்கும் குழியின் அடியில் ஒரு சின்ன மொட்டு உண்டு. அது சுரக்கும் புரதங்கள்தான் சுற்றியுள்ள செல்களுக்குச் சேதி சொல்கின்றன: வளரு, கிளை விடு, போதும் நிறுத்து. அந்தச் சேதியைக் குழப்பிப் பார்க்க, வேறொரு புரதத்தில் ஊறிய நுண்மணி ஒன்றைக் கோழியின் இடது இறக்கையில் ஒரு குழிக்குள் வைத்தாள் அக்கா. அதில் முளைத்ததைப் பார்க்க அவள் இல்லை. சாலை விபத்தில் போய்விட்டாள்.

இறகு கொக்கிபோல வளைந்து முளைத்தது.

“எதிர்பார்த்ததுதான்,” என்றார் பேராசிரியர். “அந்தப் புரதம் சீக்கிரமே தீர்ந்துடும். பிடுங்கிப் பாரும்மா, அடுத்தது நேரா வரும்.”

தங்கை பிடுங்கினாள். அடுத்ததும் வளைந்தே வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டே கூண்டைத் திறப்பாள். சுத்தம் செய்யும்போது அவள் கை இடது இறக்கைப் பக்கம் போகாது.

வீட்டில் சொன்னபோது அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“அவ சொல்லிட்டுப் போனதை அது இன்னும் கேட்டுட்டிருக்கா?”

“அதெல்லாம் இல்லம்மா. எப்பவோ தீர்ந்திருக்கணும்.”

“எதையாவது பாதியில விட்டிருக்காளா அவ? பிடிவாதக்காரி.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கடைசியில் குழியையே வெட்டி எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் பேராசிரியர். கோழிக்கு மயக்க மருந்து கொடுத்து, தங்கையே வெட்டினாள். நுண்ணோக்கியின் கீழே மணி இல்லை. அந்தப் புரதத்தின் சுவடும் இல்லை. எல்லாக் கோழிக்கும் இருப்பதுபோல ஒரு சாதாரண மொட்டு. பேராசிரியர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையே,” என்று கண்ணாடியைக் கழற்றினார்.

காயம் ஆறி அந்த இடம் மொட்டையானது. அக்காவைத் தானே தோண்டி எறிந்துவிட்டதுபோல் இருந்தது தங்கைக்கு.

இறகு உதிர்க்கும் பருவம் வந்தது. மொட்டையான இடத்துக்குப் பக்கத்துக் குழி, யாருமே தொடாத குழி, தன் பழைய இறகை உதிர்த்தது. அதில் முளைத்த புது இறகு கொக்கிபோல வளைந்திருந்தது.

பேராசிரியரிடம் காட்டும் முன் அவள் அம்மாவைக் கூட்டி வந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதை விரலால் தடவினாள்.

“இதைப் பிடுங்காதடி.”

“மாட்டேம்மா.”

அடுத்துத் தங்கை பேராசிரியரிடம் போனாள். “காரணம் தெரியலைன்னே எழுதிடுறேன் சார். கோழியை எனக்குக் குடுத்துடுங்க.”

அவர் மறுக்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை பின்சீட்டில் கோழி இருந்த அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டபடியே இருந்தாள் அம்மா. தங்கை பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்க்காமல் வண்டியை ஓட்டினாள்.