வெள்ளை இடம்

படத்தில் கோடு ஏறினால் ஒலி ஏற வேண்டும். புள்ளி வந்தால் வில்லால் தட்டி எடுக்க வேண்டும். வெள்ளையாக விட்ட இடத்தில் ஒன்றுமே வாசிக்கக் கூடாது. 2003இல் கண்டியில் நடந்த பயிற்சிப் பட்டறையில் இப்படிப் படம் பார்த்து வாசிக்கப் பழகினேன். திரும்பி வந்து நானே ஒன்றை வரைந்தேன். ஸ்வரம் இல்லை, ராகம் இல்லை. யாரும் பிழை பிடிக்க முடியாத ஒன்றை ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் வயலினைத் தொட்ட நாளிலிருந்து என் விரல்கள் மற்றவர்கள் சொன்ன இடத்திலேயே நின்றிருக்கின்றன.

மலையகத்தில், ராகலையில் நான் சங்கீதம் படிப்பித்த பாடசாலையின் கலைவிழாவில் அதற்கு இடம் கிடைத்தது. கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கும் செல்லசாமியைத் துணைக்குக் கேட்டேன்.

"ஒரு கட்டையை மட்டும் அமத்திப் பிடியுங்கோ அண்ணை. வெள்ளை வந்தா விட்டிடுங்கோ."

"அதுக்கு நான் எதுக்குங்க டீச்சர்? கட்ட மேல ஒரு கல்லத் தூக்கி வச்சா போதுமே."

கேலி பேசினாலும் ஒத்திகைகளில் சரியாகவே செய்தார்.

விழாவன்று கோடு நன்றாக வந்தது. விரல்கள் தந்தியில் வழுக்கிக்கொண்டே ஏறின, எங்கும் நிற்கவில்லை. பிறகு வெள்ளை. வில்லைத் தூக்கினேன். அவரும் கையை எடுத்தார்.

யாரோ இருமினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "என்னா டீச்சர், கம்பி அறுந்துருச்சா?"

சிரிப்பு பரவியது. பாடசாலை அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அசையவில்லை. அந்த வெள்ளையை வேண்டுமென்றே பெரிதாக விட்டிருந்தேன்.

செல்லசாமியின் முகம் வேர்த்திருந்தது. திடீரென்று மோகன ராகத்தில் ஒரு பஜனை மெட்டைத் தொடங்கிவிட்டார்.

நிறுத்தச் சொல்லத்தான் திரும்பினேன். அதற்குள் என் வில் தந்தியில் இருந்தது. விரல் காந்தார ஸ்வரத்தில் போய்ச் சுத்தமாக உட்கார்ந்தது. மண்டபமே தாளம் போட்டது. முடிந்ததும் விசில்.

மேடைக்குப் பின்னால் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு அவரிடம் திரும்பினேன்.

"ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்? எத்தினை தரம் சொன்னனான்!"

"உங்களப் பாத்துச் சிரிச்சாங்க டீச்சர். எப்படிங்க கையக் கட்டிக்கிட்டு இருக்கிறது?" ஆர்மோனியத்தை மூடிக்கொண்டே, "நீங்களும்தானே சேந்து வாசிச்சீங்க," என்றார். குற்றஞ்சாட்டும் குரல் இல்லை அது.

அவர்மேல் எரிந்துவிழ முடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அடுத்த தடவ கல்லையே வச்சிருங்க," என்று ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

படத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தாளின்மேல் என் இடக்கை விரல்கள் இன்னும் அந்த மெட்டையே வாசித்துக்கொண்டிருந்தன.